இடிக்குகையின் வெளிச்சம்

எங்கள் அலுவலகம் கண்டி நகரத்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பனிகள் தயாரிக்கும் வீடியோ கேம்களை, கடைக்கு வருவதற்கு முன் ஆடிப் பார்த்துப் பிழை சொல்வது எங்கள் வேலை. வெளியில் இருப்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு மாதிரித் தெரியும். யாராவது கேட்டால் என் அம்மாவே, "கம்பியூட்டர்ல ஏதோ செய்றான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். ஒரே சுவரில் திரும்பத் திரும்பப் போய் முட்டி, எந்த இடத்தில் கால் சுவருக்குள் புதைகிறது என்று பார்த்து எழுதுவதில் பொழுது போகாது, கண்தான் போகும்.

ஒரு நாள் காலை எங்கள் குழுத் தலைவி என் மேசைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, படிப்பு முடிந்தும் இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். என்னைவிட வயதில் நன்றாக இளையவர் என்பதால் என்னை அண்ணா என்பார்.

"அண்ணா, ஒரு பழைய கேமைப் புது மெஷின்களுக்குத் திரும்ப விடப்போகினம். பழசையும் புதுசையும் பக்கத்தில பக்கத்தில ஓடவிட்டு, என்னென்ன மாறியிருக்கெண்டு பார்க்கோணும். இது உங்கட காலத்துக் கேம். நீங்கள்தான் சரி" என்றார்.

அவர் அனுப்பியதைத் திறந்தேன். ஒரு பாறையின் மேல் வெள்ளை ஆட்டுக்குட்டி ஒன்று நின்றது. அதன் கழுத்துப் பட்டியில் மணி இல்லை. தொலைந்த மணியைத் தேடி அந்தக் குட்டி பாறைக்குப் பாறை தாவி மலை ஏற வேண்டும். அதுதான் ஆட்டம். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் வாயெடுத்துப் பேசாத ஆட்டம் அது.

நான் சிறுவனாக இருந்தபோது மத்திய கிழக்கில் வேலை செய்த மாமா விடுமுறையில் வந்தபோது எங்களுக்கு ஒரு டீவி கேம் கொண்டுவந்தார். அப்பா மாநகர சபையில் கிளார்க். எங்களுக்குக் கிடைத்திருந்த குவார்ட்டர்ஸில் முன்னறை ஒன்று, படுக்கையறை ஒன்று, சமைக்க ஒரு குசினி. முன்னறையில் டீவி. அதோடு இரண்டு வயர்களை இணைத்து, மேலே ஒரு கசட்டைச் செருகினால் ஆட்டுக்குட்டி வந்துவிடும். பட்டன் வைத்த ஒரு கட்டையைக் கையில் பிடித்து அதை ஓட்ட வேண்டும். ஒரு கசட்டில் ஏகப்பட்ட ஆட்டங்கள் இருந்தன. நாங்கள் ஆடியது இது ஒன்றைத்தான்.

நாங்கள் என்றால் அக்காவும் நானும். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. என்னைவிடப் பல மடங்கு திறமையாக ஆடுவாள். நான் பாறையின் நுனிக்குப் போய்ப் பயந்து நிற்பேன். அவள் நிற்கவே மாட்டாள். ஓடிய வேகத்திலேயே தாவுவாள். "பாக்காதடா, எண்ணு" என்பாள். எனக்கு எண்ண வராது. ஆகவே அவள் ஆட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கழுகு வருகிறது, கல் உருளுகிறது என்று கத்திக்கொண்டிருப்பேன்.

ஐந்தாவது கட்டம் ஒரு குகை. நாங்கள் அதற்கு இடிக்குகை என்று பெயர் வைத்திருந்தோம். திரை முழுக்க இருட்டாக இருக்கும். திடீரென்று இடி இடிக்கும். மின்னல் அடிக்கும்போது திரை முழுவதும் வெள்ளையாகி, கறுப்பாகி, வெள்ளையாகிப் படபடவென்று துடிக்கும். அந்தத் துடிப்பில்தான் பாறைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியும். மறுபடி இருட்டு. கண்ணில் மிச்சமிருக்கும் படத்தை நம்பித் தாவ வேண்டும். அந்தக் குகையைத் தாண்ட முடியாமல் அக்கா பல வாரங்களாக அதற்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை. அம்மா குசினியில் இருந்தார். மழை இருட்டு. திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று அக்கா யன்னலையும் சாத்திவிட்டு டீவிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்திருந்தாள். குகையின் பாதிக்கு மேல் போய்விட்டாள். மின்னல் அடித்தது. ஆட்டுக்குட்டி தாவவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. "தாவு, தாவு" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கண்கள் ஒரு பக்கமாக மேலே இழுத்துக்கொண்டு போயிருந்தன. கையில் இருந்த கட்டை நடுங்கியது. பிறகு அவள் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள்.

அம்மா ஓடிவந்தார். அவர் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு அம்மாவும் ஓடிவந்து, தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அக்காவின் கையில் திணித்தார். "இரும்ப இறுக்கிப் புடிக்க வைங்க, வந்தது போயிரும்" என்றார். அக்காவின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அவளுக்குப் பின்னால் திரையில் மின்னல் அடித்துக்கொண்டே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. அக்கா கண்ணைத் திறந்து, எங்களை யாரோ மாதிரிப் பார்த்தாள். கேட்ட முதல் கேள்வி, "நான் ஏன் கீழ கிடக்கிறேன்?"

அதற்குப் பிறகு ஊரில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். வயதுக்கு வந்த பிள்ளை உச்சி வெயிலில் எங்கேயோ பயந்திருக்கிறாள் என்றார்கள். பேய் என்றார்கள். அம்மா கோயில் கோயிலாகக் கூட்டிப் போய்க் கயிறு கட்டினார். கயிறு கையில் இருக்கும்போதே பாடசாலைக் கூட்டத்தில் இரண்டாவது தடவை விழுந்தாள். அன்றைக்குக் காலை வெயில் நேராக முகத்தில் அடித்ததாம், முன்னால் கொடிகள் காற்றில் ஆடி ஆடி அதை மறைத்துக்கொண்டிருந்தனவாம். அப்பா மறுநாளே லீவு போட்டுவிட்டு அவளைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தலையில் வயர்களை ஒட்டி, கண்ணுக்கு முன்னால் விளக்கை மின்னவைத்துப் பார்த்தார்கள். வலிப்பு என்றார்கள். விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் சிலருக்கு அதைத் தூண்டிவிடும், இந்தப் பிள்ளை அப்படிப்பட்டவள் என்றார்கள். மருந்து ஒழுங்காக எடுத்தால் கட்டுப்படும் என்றும் சொன்னார்கள். அப்பா வீட்டுக்கு வந்து டீவி கேமைக் கழற்றி ஒரு பையில் போட்டு எங்கோ கொண்டுபோய்விட்டார். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

மருந்தில் கட்டுப்பட்டது உண்மை. ஆனால் அவள் விழுந்ததைப் பார்த்த பிள்ளைகள் பாடசாலையில் அவளோடு ஒரே வாங்கில் உட்காரப் பயந்தார்கள். கொஞ்ச நாளில் அவளே போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். வீட்டில் இருந்தபடியே படித்துப் பரீட்சை எழுதினாள். கணக்கில் அவள் எடுத்த புள்ளியைப் பார்த்து அப்பா முன்னறையில் நின்று அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு கலியாணப் பேச்சு வந்தது. அதற்குள் அப்பா கண்டிக்குக் கிட்ட அம்பிட்டியவில் சரிவான ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டியிருந்தார். மாத்தளைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. அம்மா முதல் நாளே மருந்துப் பெட்டியை அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டியிருந்தார். அக்கா தேத்தண்ணித் தட்டைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"எனக்கு வலிப்பு இருக்கு" என்றாள். "மருந்து எடுக்கிறேன். விழுந்து வருசக்கணக்காகுது. ஆனா இருக்கு. அத தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க."

வந்தவர்களில் ஒருவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன நிலையிலேயே கீழே வைத்தார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழும்பினார்கள். சொல்லி அனுப்பவில்லை. அம்மா அக்காவோடு நெடுநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அப்பா மட்டும் அன்று பின்னேரம் அவளிடம், "நல்லதும்மா" என்றார்.

அப்பா இப்போது இல்லை. அக்காவும் அம்மாவும் நானும் அதே வீட்டில் இருக்கிறோம். அக்கா முன்னறையில் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலஷிப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு எடுக்கிறாள். அந்தப் பக்கத்தில் அவளுக்கு நல்ல பெயர். பஸ்ஸில் போகும்போது வெயில் மரங்களுக்கு நடுவால் விட்டுவிட்டு அடித்தால், உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வாள். ஒரு கண்ணை முழுக்க மூடினால் அந்தத் துடிப்பின் வேகம் மூளைக்குக் குறையுமாம், கிளினிக்கில் சொல்லிக்கொடுத்தது. பார்ப்பவர்கள் தலைவலி என்று நினைப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த ஆட்டுக்குட்டியின் முன்னால் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்ட வித்தியாசம் வேகம். புதியதில் குட்டி துருதுருவென்று ஓடியது. பாட்டும் அவசரப்பட்டது. புதியதில்தான் ஏதோ பிழை என்று எழுதப் போனேன். விசாரித்துப் பார்த்தால் விஷயம் தலைகீழ். அந்தக் காலத்தில் இங்கேயும் மாமா இருந்த பக்கமும் விற்ற மெஷின்கள் நம் டீவிக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. அவற்றில் ஆட்டம் மெதுவாகத்தான் ஓடும். அதைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது புதியதில் ஓடும் இந்த வேகம்தான். நாங்கள் வாயால் முணுமுணுத்துக்கொண்டு திரிந்த பாட்டு, உண்மையில் சுருதி இறங்கி இழுபட்டு ஓடிய பாட்டு. எனக்கு அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்தது திரையின் அகலம். பழைய டீவி கிட்டத்தட்டச் சதுரம். இப்போது உள்ளவை அகலமானவை. ஆகவே இரண்டு பக்கமும் மலையை நீட்டி வரைந்திருந்தார்கள். அதில் ஒரு வினை. பழையதில் கழுகுகள் திரைக்கு வெளியே காத்திருந்து, குட்டி கிட்டே வந்ததும் பாயும். திரை அகன்றதும், அவை சிறகை அசைக்காமல் வானத்தில் நின்று காத்திருப்பது அப்படியே தெரிந்தது. அதை எழுதி அனுப்பினேன். அடுத்த தடவை கழுகுகளை இன்னும் தூரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

பிறகு பின்னோட்டம். ஒரு பட்டனை அமத்திப் பிடித்தால் நடந்தது எல்லாம் பின்பக்கமாகப் போகும். பள்ளத்தில் விழுந்த குட்டி மேலே எழும்பி வந்து பாறையில் கால் வைத்து நிற்கும். பட்டனை விட்டால் அங்கிருந்து மறுபடி தாவலாம். நான் அதைச் சோதிக்க வேண்டியதைவிடக் கூடுதலான தடவை செய்து பார்த்தேன்.

இடிக்குகையை நான் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு பின்னேரம் அதையும் திறந்தேன். இருட்டு. இடிச் சத்தம். திரை வெள்ளையாகித் துடித்தது. நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கையை நீட்டித் திரையை அணைத்துவிட்டேன். எனக்கு வலிப்பு இல்லை. அந்த வெளிச்சத்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் மறுபடி அதைப் போடவில்லை.

குழுத் தலைவி அடுத்த மேசையிலிருந்து பார்த்துவிட்டார். "என்ன அண்ணா? திரை பழுதோ?"

"இல்ல" என்றேன். பிறகு சொன்னேன். வேலை செய்யும் இடத்தில் அதுவரை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அக்கா இப்ப எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா. வகுப்பு எடுக்கிறா."

கதிரையை என் திரைப் பக்கம் திருப்பி, "அண்ணா, அந்தக் குகைக்கு இரண்டு விதம் செய்திருக்கினம். மெனுவுக்குள்ள போய்ப் பார்த்தனீங்களோ?" என்றார்.

பார்த்திருக்கவில்லை. மெனுவின் அடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதை மாற்றிவிட்டு இருவரும் குகைக்கு வெளியே வரும்வரை ஆடிப் பார்த்தோம். அதே இருட்டு, அதே இடி. ஆனால் மின்னல் இல்லை. இடிச் சத்தம் வந்ததும், பாறைகளின் விளிம்பு ஊதிய தணல் மாதிரி மெல்லச் சிவந்து, மெல்ல அணைந்தது. நினைவில் வைத்துத் தாவ வேண்டியது அப்படியே இருந்தது. துடிப்பு மட்டும் இல்லை. யாரோ நிறைய யோசித்துச் செய்த வேலை அது. ஆனால் அதைப் பழைய ரசிகர்கள் சிலருக்குக் காட்டியபோது, குகை செத்துப்போய்விட்டது என்று முறைப்பட்டார்களாம். அதனால் பழைய மின்னலையே முன்னால் வைத்து, தணலை மெனுவுக்குள் ஒளித்துவிட்டார்கள். எச்சரிக்கை என்று ஒன்றும் இல்லை.

நான் அன்றைக்கே எழுதினேன். மின்னலை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று எழுதினேன்.

வீட்டுக்குப் போனபோது வகுப்பு முடிந்து பிள்ளைகள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்த ஆடா?"

"அதே ஆடுதான்."

"குகைக்கு அங்கிட்டு என்னா இருக்கு?"

அவள் அதைத்தான் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கேள்வி அவளிடம் இருந்திருக்கிறது. சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாத" என்றாள். "நான் ஆடிப் பாக்குறேன்."

குசினிக்குள் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையைச் சேலையில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார். "என்னாத்துக்கு இப்ப அது? வந்த பீடை போயி நிம்மதியா இருக்கிறது ஒனக்குப் புடிக்கலையா?"

"பீடை இல்லம்மா. நோய்" என்றாள் அக்கா. "பஸ்ல போறப்ப மரத்துக்கு நடுவால வெயில் அடிக்குது. அதுக்காக பஸ்ல போகாமலா இருக்கேன்? டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் செய்வேன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். தணல் குகையைப் போனில் பதிந்து கொண்டுபோயிருந்தேன். அங்கே இருந்த சிங்கள டாக்டர் அம்மா, வெளியில் வரிசை நீண்டிருந்தும், இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். அக்கா சிங்களத்தில் விளக்கினாள். டாக்டர் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: மருந்து தவறியிருக்கக் கூடாது. முதல் நாள் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். அறை வெளிச்சமாக இருக்க வேண்டும். திரையிலிருந்து தள்ளி உட்கார வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். உடம்பு ஒரு மாதிரியாக இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். பழைய மின்னல் பக்கம் போகவே கூடாது.

வெளிவராத ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோக எங்களுக்கு அனுமதி இல்லை. குழுத் தலைவியிடம் கேட்டேன். வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவைத்துப் பார்ப்பதும் எங்கள் வேலையில் உண்டு. "அக்காவை அப்பிடியே கூப்பிடுவம்" என்றார். மேலிடத்தில் அனுமதி வாங்கினார். சுவிட்சைத் தணலில் வைத்து, ஆடும்போது மாற்ற முடியாதபடி செய்துவைத்தார்.

அக்கா ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். விசேஷத்துக்குப் போவது மாதிரி நல்ல சேலை உடுத்தியிருந்தாள். "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று குழுத் தலைவி வரவேற்று, யன்னல் திரைகளை எல்லாம் விலக்கினார். அறை பளிச்சென்று இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலுதவிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். கையில் எதையும் திணிக்கக் கூடாது.

அக்கா முதல் பாறையிலேயே விழுந்தாள். இரண்டாவது தடவையும் விழுந்தாள். "என்னாடா இது, இந்த ஓட்டம் ஓடுது?" என்றாள். வேகம் பற்றிச் சொன்னேன். "அப்ப நாங்க பழகினது பிழையா?" என்று கேட்டாள்.

"பிழை இல்ல. நம்ம ஊருக்கு அப்பிடி வந்திருக்கு."

விரல்களை மடக்கி விரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். பின்னோட்டப் பட்டனைக் காட்டிக்கொடுத்தேன். ஒரு தடவை அமத்திப் பார்த்தாள். விழுந்த குட்டி எழும்பி வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இது எனக்கு வேணாம். விழுந்தா மொதல்ல இருந்தே வாறேன்" என்றாள். மதியம் ஆகும்போது அவள் விரல்கள் புது வேகத்தைப் பிடித்துவிட்டன. நான் என்னை அறியாமலே கழுகு வருகிறது, கல் உருளுகிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு, மருந்தும் எடுத்துவிட்டுக் குகைக்குள் போனாள். இடி இடித்தது. அக்காவின் தோள் ஒரு தரம் தூக்கிப் போட்டது. நான் பாதி எழும்பிவிட்டேன். "ஒண்ணும் இல்ல, சத்தத்துக்குத்தான்" என்றாள். பாறைகளின் ஓரம் சிவந்தது. அணைந்தது. தாவினாள். மறுபடி சிவந்தது. நான் திரையைப் பார்க்கவே இல்லை, அவள் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை நேராக இருந்தன. உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். சில தடவை விழுந்தாள். விழுந்தபோதெல்லாம் குகை வாசலிலிருந்து தொடங்கினாள்.

கடைசித் தாவலுக்குப் பிறகு திரை வெளுத்தது. மின்னல் இல்லை, பகல். குகைக்கு அந்தப் பக்கம் ஒரு புல்வெளி. அங்கே கழுகு இல்லை, பள்ளம் இல்லை. ஆட்டுக்குட்டி நடந்து போக வேண்டியதுதான். பாட்டு மெல்லக் கேட்கும். குகையைத் தாண்டியவர்கள் மூச்சுவிட்டுக்கொள்ள அதைச் செய்தவர்கள் வைத்த இடம் அது. பிறகுதான் சிகரம்.

அக்கா கட்டையை மடியில் வைத்துவிட்டாள். குட்டி புல்லில் நின்றது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை.

"இவ்வளவு நாளா இதுதான் அங்கிட்டு இருந்திச்சா" என்றாள்.

குழுத் தலைவி எழும்பி, தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று வெளியே போய்விட்டார். அக்கா அன்றைக்குச் சிகரத்துக்குப் போகவில்லை. போதும் என்றாள்.

அம்பிட்டிய பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அவளிடம் சொன்னேன். "அந்தப் பழைய மின்னல அடியோட எடுத்துடச் சொல்லி எழுதியிருக்கேன்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "ஏன்?" என்று கேட்டாள்.

"ஏன்னா? ஒன்ன விழுத்தினது அது."

"அதனாலதான் சொல்றேன், எடுக்காத." தெருவைப் பார்த்தபடி பேசினாள். "நான் ஏன் விழுந்தேன்னு ஊர்ல என்னென்ன சொன்னாங்க. பேய்ன்னாங்க. பாவம் செஞ்ச குடும்பம்ன்னாங்க. வெளிச்சம்டா அது. வெறும் வெளிச்சம். அத இல்லாம ஆக்கிட்டா, அப்பிடி ஒண்ணு இருந்ததே இல்லையேன்னு நாளைக்கு யாரும் சொல்லலாம். இருந்துட்டுப் போகட்டும். கதவ மட்டும் பூட்டி வைக்கச் சொல்லு. உள்ளுக்கு என்னா இருக்குன்னு வெளிய எழுதிப் போடச் சொல்லு."

பஸ் வந்தது. அவள் ஏறி யன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆத்திரமும் வந்தது. என்னால் அந்த வெளிச்சத்தை மன்னிக்க முடியவில்லை, விழுந்தவள் அதை இருக்கட்டும் என்கிறாள். வீடு போய்ச் சேரும் வரை யோசித்தேன். திங்கட்கிழமை போய், எழுதியதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். தணல் முன்னால் வர வேண்டும். மின்னல் வேண்டுமென்றால் தேடிப் போய்த்தான் எடுக்க வேண்டும். எடுக்கும் இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும்.

அதைப் பற்றிப் பேச அந்தக் கம்பனியோடு ஒரு வீடியோ அழைப்பு நடந்தது. அங்கே ஒருவர், பழைய ஆட்டத்தை நேசிப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே அசல் தெரிய வேண்டும் என்று விடாமல் வாதாடினார். அவர் கெட்டவர் இல்லை. சிறுவயதில் அந்தக் குகையில் அவருக்குக் கிடைத்த வியப்பு மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. குழுத் தலைவி என் பக்கம் திரும்பி, "சொல்லட்டோ அண்ணா?" என்று தமிழில் கேட்டார். நானே சொன்னேன். என் ஆங்கிலம் திக்கியது. அக்கா விழுந்ததையும், புல்வெளியைப் பார்த்ததையும், மின்னலை எடுக்க வேண்டாம் என்று அவளே சொன்னதையும் சொன்னேன். அந்த மனிதர் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: தணல் குகை கஷ்டமாக இருந்ததா என்று. பல தடவை விழுந்தாள் என்றேன். அப்படியானால் சரி என்றார்.

எச்சரிக்கைக்கு அவர்கள் ஒரு வசனம் அனுப்பினார்கள். பல மொழிகளில் போடப் போகிறோம், தமிழும் செய்யலாமா என்று கேட்டார்கள். நான் எழுதிக்கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். வலிப்பு நோயால் பாதிக்கப்பட்டவர்கள் இந்தக் காட்சியைத் தவிர்க்கவும் என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததும் அதுதான்.

வாசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். "இது சரிவராது."

"ஏன், 'பாதிக்கப்பட்டவர்கள்'ங்கிற சொல் நல்லா இல்லையா?"

"அதில்லடா. அன்னைக்கி வரைக்கும் எனக்கு வந்ததே இல்லையே. இத நான் வாசிச்சிருந்தாலும், இது எனக்கு இல்லன்னுதான் ஆடியிருப்பேன். தனக்கு இருக்குன்னு தெரிஞ்சவங்க பாத்து நடந்துக்குவாங்க. தெரியாத புள்ளைகளுக்குத்தானே எழுதணும்."

இருவரும் மேசையில் உட்கார்ந்து அதைத் திருத்தினோம். அம்மாவும் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். என்ன எழுதுகிறோம் என்று கேட்டார். அக்கா வாசித்துக் காட்டினாள்: "இங்கே வெளிச்சம் விட்டுவிட்டு வேகமாக மின்னும். இதுவரை வலிப்பு வராத ஒருவருக்கும் இதனால் வரலாம். கண்ணோ தலையோ ஒரு மாதிரியாக இருந்தால் உடனே நிறுத்துங்கள்."

அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத அன்னைக்கே யாராச்சும் எழுதியிருந்தா" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அக்காவின் முழங்கையைத் தொட்டார். பிறகு எழும்பி உள்ளே போனார்.

குழுத் தலைவி அதை ஆங்கிலத்தில் மாற்றி, காரணத்தோடு அனுப்பினார். எல்லா மொழியிலும் அவர்கள் அந்த மாதிரியே மாற்றிக்கொண்டார்கள். அறையை வெளிச்சமாக வைக்கும்படி சொல்லும் ஒரு வரியையும் சேர்த்தார்கள். ஆட்டம் வெளிவந்த அன்று நான் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது முன்னறை நிறையப் பிள்ளைகள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "அப்பிடியா, நல்லது" என்றாள் அக்கா. பின்னக் கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் பக்கம் குனிந்து, "அவசரப்படாத, மேல உள்ளத மொதல்ல பாரு" என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.